சிரிக்காத முகம்: செசானின் 'சிவப்பு நாற்காலியில் மதாம் செசான்' ஓவியத்தைப் பார்த்தல்

1. கேள்வி

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 72 செ.மீ. உயரமும் 56 செ.மீ. அகலமும் கொண்ட எண்ணெய்வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. மெத்தை வைத்துத் தைத்த பெரிய சிவப்பு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். கோடு போட்ட நீண்ட பாவாடை, கழுத்தருகே நீல நாடா முடிச்சு, மடியில் கோத்த கைகள். பின்னால் மஞ்சளும் பச்சையும் கலந்த சுவர்த்தாள். அதில் ஆங்காங்கே நீலப் பூவேலை. போல் செசான் 1877ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய படம் இது. 'சிவப்பு நாற்காலியில் மதாம் செசான்' என்பது இன்று வழங்கும் பெயர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் நெற்றியிலோ உதட்டிலோ கோபத்துக்குரிய சுளிப்பு எதுவும் இல்லை. பார்ப்பவரைத் தேடி வரும் பார்வையும் இல்லை, பார்ப்பவரிடமிருந்து ஒளியும் பார்வையும் இல்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக ரசிகர்களையும் விமர்சகர்களையும் வரலாற்றாசிரியர்களையும் இந்த முகம் தடுமாற வைத்திருக்கிறது.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் பழமொழி. உருவப்படங்களைப் பெரும்பாலும் இந்த நம்பிக்கையோடுதான் அணுகுகிறோம். முகத்தைப் பார்த்தவுடன் குணத்தைத் தேடுகிறோம். குணம் கிடைத்தால் படம் நன்றாக இருக்கிறது என்கிறோம்; கிடைக்காவிட்டால் ஓவியரையோ படத்திலிருப்பவரையோ குறை சொல்கிறோம். செசானின் இந்தப் படம் அந்த நம்பிக்கையை முறிக்கிறது. அகத்தைக் காட்டாத ஒரு முகத்தை ஓவியர் ஏன் தீட்ட வேண்டும்? அதைப் பார்ப்பவர் எதை ரசிக்க வேண்டும்? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறது. முதலில் படத்திலிருக்கும் பெண்ணைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றைத் தொகுத்து, பிறகு இதுவரை வந்துள்ள விளக்கங்களை எடைபோட்டு, கடைசியில் படத்துக்கே திரும்புகிறது.

2. உறுதியாகத் தெரிந்தவை

அவர் பெயர் மரி-ஓர்தான்ஸ் ஃபிகே. 1850இல் கிழக்கு பிரான்சின் ஜூரா பகுதியில் சலின்யே என்னும் சிற்றூரில் பிறந்தவர். பாரிசில் புத்தகம் தைத்துக் கட்டும் வேலை செய்தவர். 1869ஐ ஒட்டி, தம்மைவிடப் பதினொரு வயது மூத்த செசானைச் சந்தித்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது இருவரும் மார்செய் அருகிலுள்ள லெஸ்தாக் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்று தங்கினர். 1872 ஜனவரியில் மகன் பிறந்தான். அவனுக்கும் போல் என்றே பெயர்.

திருமணம் மட்டும் நடக்கவில்லை. செசானின் தந்தை லூயி-ஓகுஸ்த், எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் வங்கியாளர். மகனின் பிழைப்பு அவர் அனுப்பும் மாதப்பணத்தில்தான் நடந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணோடு வாழ்வது தெரிந்தால் பணம் நின்றுவிடும் என்று அஞ்சிய செசான், ஓர்தான்ஸையும் குழந்தையையும் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்தார். 1878இல் குட்டு வெளிப்பட்டது. ஓவியச் சேகரிப்பாளர் விக்தோர் ஷோக்கே எழுதிய கடிதம் ஒன்றில் மதாம் செசானும் குழந்தையும் குறிப்பிடப்பட்டிருந்தனர். அந்தக் கடிதத்தைத் தந்தை பிரித்துப் படித்துவிட்டார். மாதப்பணம் 100 பிராங்காகக் குறைந்தது. அப்போது மார்செயில் இருந்த ஓர்தான்ஸுக்குப் பணம் அனுப்பும்படி செசான் தம் பள்ளித்தோழர் எமில் ஸோலாவிடம் கேட்டார். ஸோலாவும் சில மாதங்கள் அனுப்பினார்.

1886 ஏப்ரலில், மகனுக்குப் பதினான்கு வயதானபோது, திருமணம் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை இறந்தார். அதன்பின் கணவனும் மனைவியும் பெரும்பாலும் தனித்தனியாகவே வாழ்ந்தனர். ஓர்தான்ஸுக்குப் பாரிஸ், செசானுக்குத் தென்பிரான்சு. 1906இல் செசான் இறந்தார். அவர் எழுதிவைத்த உயில் சொத்து முழுவதையும் மகனுக்கே தந்தது. ஓர்தான்ஸ் 1922இல் காலமானார்.

இந்தச் சுருக்கமான வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர்தான்ஸ் தம்மைப் பற்றித் தாமே சொன்னது என்று நம்மிடம் ஏறத்தாழ எதுவும் இல்லை. 1890இல் ஷோக்கேயின் மனைவிக்கு எழுதிய கடிதம் போன்ற மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அந்தக் கடிதத்தில் பயணத்தையும் குடும்ப விவகாரங்களையும் நிதானமாகப் பேசுகிற, நட்பு பாராட்டுகிற ஒரு பெண்ணைக் காண்கிறோம். மற்றவை எல்லாம் பிறர் சொன்னவை.

ஆனால் ஓவியங்கள் நிறைய உள்ளன. செசான் அவரைத் தீட்டிய எண்ணெய்வண்ணப் படங்களில் 29 இன்று அறியப்படுகின்றன. தம்மையே செசான் தீட்டிக்கொண்டவை 26. பென்சில் கோட்டோவியங்களும் நீர்வண்ணப் படங்களும் இவற்றுக்கு அப்பால் உள்ளன. 1870களின் தொடக்கத்திலிருந்து 1890களின் தொடக்கம் வரை, இருபது ஆண்டுகள், ஒரே பெண் அவர்முன் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கிறார்.

3. மூன்று விளக்கங்கள்

3.1 சிடுமூஞ்சி மனைவி

முதல் விளக்கம் பழமொழியின் வழியில் செல்வது: முகம் கடுகடுப்பாக இருக்கிறது, ஆகவே மனைவியும் அப்படித்தான். செசானின் நண்பர்கள் ஓர்தான்ஸுக்கு 'லா பூல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தனர். பந்து என்று பொருள். கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை, செசானை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் முதன்மையானவர். அவரே தனிக் கடிதம் ஒன்றில் ஓர்தான்ஸின் முகத்தைக் குறித்து வசைச்சொல்லைப் பயன்படுத்தினார். கணவர் சாகும் தறுவாயில் தையற்காரியிடம் போக வேண்டியிருந்ததால் ஓர்தான்ஸ் நேரத்துக்கு வரவில்லை என்ற கதையும் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கணவரின் கலையை அவர் மதிக்கவில்லை என்பதற்கும் இதேபோல் வாய்வழிக் கதைகளே ஆதாரம்.

இந்த விளக்கத்தின் குறை எளிதில் தெரிவது. பட்டப்பெயர் சூட்டியவர்கள் செசானின் நண்பர்கள்; அவருடைய குடும்பத்தின் ஏளனமும் அதில் கலந்திருந்தது. கதைகள் இரண்டாம் மூன்றாம் வாய் கடந்து வந்தவை. இவற்றை வைத்து முகத்தைப் படிக்கிறார்கள். படித்த முகத்தையே மீண்டும் கதைகளுக்குச் சான்றாக நிறுத்துகிறார்கள். இப்படிச் சுற்றிவரும் வாதம் எதையும் நிறுவாது.

இதற்கு நம் வீட்டுச் சுவர்களே பதில் சொல்லும். பழைய குடும்பப் புகைப்படங்களில் நம் பாட்டிமார் யாரும் சிரிப்பதில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நேரே பார்க்கிறார்கள். அதைக் கண்டு அவர்களைச் சிடுமூஞ்சிகள் என்று எந்தப் பேரனும் முடிவு கட்டுவதில்லை. நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயமும், படத்துக்கு முன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கமும் அந்த முகங்களை உருவாக்கின என்று நமக்குத் தெரியும். ஓர்தான்ஸுக்கும் அந்த நியாயத்தை நாம் வழங்க வேண்டும்.

3.2 ஆப்பிளாக மாறிய பெண்

இரண்டாவது விளக்கம் முகத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பேசுவது. செசானுக்கு மனிதரும் பழமும் ஒன்றே, அவர் தேடியது உருண்டையும் தளமும் நிறமும் மட்டுமே என்பது இதன் சாரம். ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொலார் தம் நினைவுகளில் சொன்ன நிகழ்ச்சி இதற்குத் துணைநின்றது. 1899இல் செசான்முன் உட்கார்ந்தபோது அவர் உறங்கிச் சரிந்துவிட்டாராம். ஆப்பிள் அசையுமா, ஆப்பிளைப் போல் உட்கார வேண்டாமா என்று செசான் கடிந்துகொண்டாராம். அந்தப் படத்துக்காகத் தாம் 115 முறை உட்கார்ந்ததாக வொலார் கணக்குச் சொல்கிறார்.

டி. எச். லாரன்ஸ் 1929இல் எழுதிய கட்டுரையில் இந்த ஆப்பிளை வேறு திசைக்குக் கொண்டுசென்றார். மனைவியின் படத்திலுள்ள ஆப்பிள்தன்மையே அதை நிலைத்த சுவையுடையதாக்குகிறது என்றார். அறிந்துவிட்டோம் என்று நாம் எண்ணும் குணநலன்களை உதறிவிட்டு, பொருளின் இருப்பை மட்டும் தொட்டதே செசானின் வெற்றி என்பது லாரன்ஸின் கருத்து. இது ஆழமான பார்வை. ஆனால் லாரன்ஸுக்குப் பின் வந்த வகுப்பறை வடிவவாதம் இந்த ஆழத்தைக் கைவிட்டு, வரைபடத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. எர்ல் லோரன் 1943இல் வெளியிட்ட, செசானின் கட்டமைப்பைப் பற்றிய நூலில், மதாம் செசானின் உருவப்படம் ஒன்று வெறும் புறக்கோடுகளாகவும் அம்புக்குறிகளாகவும் பிரித்துக் காட்டப்பட்டது. 1962இல் ராய் லிச்டென்ஸ்டைன் அந்த வரைபடத்தை அப்படியே பெரிதாக்கி, 'மதாம் செசானின் உருவப்படம்' என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்தார். லோரன் இதைக் களவு என்று கண்டித்தார். யாருடைய பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பெரிய வெற்றுக்கோடு ஒரு விமர்சன மரபின் எல்லையைத் துலக்கமாகக் காட்டிவிட்டது. அம்புகள் எஞ்சின; பெண்ணைக் காணோம்.

வொலாரின் கதையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது 1899ஆம் ஆண்டில் ஓர் ஆண் வணிகருக்கு நேர்ந்தது. அதிலிருந்து இருபது ஆண்டுகள் முன்னால் சென்று, வாழ்க்கைத்துணையை ஓவியர் எப்படிப் பார்த்தார் என்று முடிவு சொல்ல இயலாது.

3.3 மறுமதிப்பீடு

மூன்றாவது விளக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றது. ரூத் பட்லர் 2008இல் செசான், மொனே, ரொதான் ஆகியோரின் மனைவிமாரைப் பற்றி எழுதிய நூலில், ஓவியர்களின் நிழலில் மறைந்த பெண்களின் வாழ்வை மீட்டெடுத்தார். சூசன் சிட்லவுஸ்காஸ் 2009இல் ஓர்தான்ஸின் உருவப்படங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். ஓர்தான்ஸ் இல்லாமல் செசானின் கலைத்தேடல் இந்த வடிவத்தை எட்டியிருக்காது என்பது அவர் வாதத்தின் மையம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் டீட்டா அமோரி 2014–15இல் அமைத்த 'மதாம் செசான்' கண்காட்சி, 29 படங்களில் 24ஐ ஒரே இடத்தில் கூட்டியது. தனித்தனியாகப் பார்த்தபோது ஒரே முகமூடியாகத் தெரிந்தவை, அருகருகே வைத்தபோது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முகங்களாகத் தெரிந்தன.

இந்த மறுமதிப்பீட்டுக்குக் கடன்பட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆனால் இதற்குள்ளும் ஓர் இடர் உண்டு. சிடுமூஞ்சி மனைவியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் துயருற்ற மனைவியையோ பொறுமைசாலி மனைவியையோ அமர்த்தினால், பழைய வாசிப்பு முறையே புதிய உடையில் திரும்பிவிடும். அப்போதும் முகத்தில் அகத்தைத்தான் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே படத்தின் முன் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

4. படத்தின் முன்

சிவப்பு நாற்காலிப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் கவிஞர் ரைனர் மரியா ரில்கே தனியிடம் பெறுகிறார். 1907இல் பாரிசின் இலையுதிர்காலக் கலைக்கூடத்தில் செசானின் நினைவுக் கண்காட்சி நடந்தது. அதற்கு நாள்தோறும் சென்றுவந்த ரில்கே, சிற்பியான தம் மனைவி கிளாராவுக்குக் கடிதங்கள் எழுதினார். கண்காட்சி முடிந்த அக்டோபர் 22 அன்று எழுதிய கடிதத்தில் இப்படத்தை நினைவிலிருந்தே விவரித்தார். படத்தின் ஒவ்வோர் இடமும் மற்ற எல்லா இடங்களையும் அறிந்துவைத்திருப்பதுபோல் இருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று ரில்கே கேட்கவே இல்லை. நிறங்கள் ஒன்றையொன்று எப்படிக் கேட்டுப் பதில் சொல்கின்றன என்பதையே எழுதினார்.

அவர் காட்டிய வழியில் சென்று பார்ப்போம். சிவப்பில் தொடங்கலாம். நாற்காலி பெண்ணுக்குப் பின்னால் இருபுறமும் வீங்கி எழுகிறது. சாதாரணமாக இவ்வளவு சிவப்பு, படத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இங்கே அது நடக்கவில்லை. பாவாடையின் பச்சைச் சாயலுள்ள கோடுகளும், சுவர்த்தாளின் பச்சை கலந்த மஞ்சளும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சிவப்பும் பச்சையும் அருகில் வந்தால் ஒன்றையொன்று தூண்டும். இரண்டின் நடுவில் இருப்பது அந்த முகம்.

முகத்தைப் பாருங்கள். கன்னத்தில் இளஞ்சிவப்பு இருக்கிறது. அது நாற்காலியின் சிவப்பிலிருந்து வந்ததுபோல் தோன்றும். தாடையோரத்திலும் கண்ணடியிலும் பச்சையும் நீலமும் தோய்ந்த தீற்றல்கள் இருக்கின்றன. அவை சுவரிலிருந்தும் உடையிலிருந்தும் வந்தவைபோல் தோன்றும். தோலின் நிறம் இதுதான் என்று தனியே ஒரு வண்ணத்தைக் குழைத்து அவர் பூசவில்லை. அறை முழுவதும் சிதறியிருக்கும் நிறங்களின் சந்திப்பாகவே முகம் உருவாகிறது. நிழலைக் கறுப்பால் காட்டாமல் நிறத்தால் காட்டுவது அக்கால இம்ப்ரெஷனிச ஓவியர்கள் எல்லோரும் கற்ற பாடம். செசான் 1874, 1877 ஆகிய இரு ஆண்டுகளில் அவர்களோடு கண்காட்சியில் பங்கெடுத்தவர். ஆனால் மொனேயும் ரெனுவாரும் அந்த நிறங்களைக் கரைத்து ஒளியாக்கினார்கள். செசான் அவற்றைச் செங்கல்லாக அடுக்கினார். தீற்றல் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது. ஒன்றை எடுத்தால் பக்கத்திலிருப்பது ஆடும்.

அடுத்து கழுத்தின் நீல முடிச்சு. முகத்தின் கீழே இவ்வளவு அடர்ந்த நீலம் தனித்துநின்றால் உறுத்தும். ஆனால் சுவர்த்தாளின் பூவேலையில் அதே நீலம் சிறு சிறு துண்டுகளாகக் காத்திருக்கிறது. கண் முடிச்சிலிருந்து சுவருக்குப் போய், சுவரிலிருந்து மீண்டும் முகத்துக்கே வருகிறது. மஞ்சள் கலந்த இதே சுவர்த்தாளை அக்காலத்தில் அவர் தீட்டிய வேறு படங்களிலும் காண்கிறோம். வீட்டில் இருந்ததைத்தான் அவர் வரைந்தார். ஆனால் எந்தப் பூ முகத்தின் அருகில் வர வேண்டும், எது நாற்காலிக்குப் பின்னால் மறைய வேண்டும் என்பதைக் கண் தேர்ந்தெடுத்திருக்கிறது.

பாவாடை, படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதன் செங்குத்தான கோடுகள் ஒரு தூணின் பள்ளங்கள்போல் இறங்குகின்றன. அந்தப் பீடத்தின்மேல் கோத்த கைகள், கைகளின்மேல் உடல், உடலின்மேல் தலை. உருவம் சிறியதாயினும் நினைவில் அது ஒரு சிலையின் அளவுக்கு வளர்ந்துவிடுவது இதனால்தான்.

இப்போது சிரிப்பைப் பற்றிய கேள்விக்குத் திரும்பலாம். சிரிப்பு ஒரு கணத்துக்குரியது. வாய் விரியும், கண் சுருங்கும், உடனே மறையும். அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஓவியர் மற்றவற்றையெல்லாம் அக்கணத்துக்குக் கீழ்ப்படுத்த வேண்டும். 1878இல் ரெனுவார் தீட்டிய 'மதாம் ஷார்பான்தியேவும் அவர் குழந்தைகளும்' அப்படிப்பட்ட படம். அதில் பட்டும் நாயும் குழந்தைகளின் கூந்தலும் ஓர் இனிய பிற்பகலைச் சொல்கின்றன. அந்த வீட்டின் செல்வாக்கையும் சேர்த்தே சொல்கின்றன. அது அருமையான படம். ஆனால் அதன் காலம் ஒரு பிற்பகல். செசானின் படத்தில் காலம் பல நாள்களின் அடுக்கு. நேற்றுப் பார்த்த கன்னமும் இன்று பார்த்த கன்னமும் ஒரே தீற்றலில் சேர வேண்டும். அத்தனை நாள்களிலும் மாறாமல் நின்றது எதுவோ அதுவே கித்தானில் இடம்பெறும். மாறிப்போகும் பாவங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். அந்த முகத்தை வெறுமை என்று அழைப்பது தவறு. கணங்கள் உதிர்ந்தபின் எஞ்சிய இருப்பு அது.

5. மற்றப் படங்களின் சாட்சியம்

ஒரு படத்தை மட்டும் வைத்து இவ்வாறு சொல்வது போதாது. மற்றப் படங்கள் இதை உறுதிசெய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிவப்பு நாற்காலிப் படத்தையொட்டிய காலத்தில் தீட்டப்பட்ட 'தைக்கும் மதாம் செசான்' ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஓர்தான்ஸ் குனிந்து வேலையில் ஆழ்ந்திருக்கிறார். பிலடெல்பியாவிலுள்ள படமொன்றில் கூந்தல் தோளில் அவிழ்ந்து விழ, தலை சற்றே சாய்ந்திருக்கிறது. அதைக் கண்டவர் யாரும் கடுகடுப்பு என்ற சொல்லை எடுக்க மாட்டார். 1885ஐ ஒட்டிய ஒரு தாளில் பென்சிலால் அவர் முகமும் அருகில் நீர்வண்ணத்தில் ஹைட்ரேஞ்சியா பூங்கொத்தும் வரையப்பட்டுள்ளன. பிரெஞ்சு மொழியில் அந்தப் பூவின் பெயர் 'ஓர்தான்ஸியா'. மனைவியின் பெயரும் பூவின் பெயரும் ஒரே தாளில் கூடுகின்றன. பொருளே வேண்டாம், வடிவம் போதும் என்று இருந்த ஓவியருக்கு இந்தச் சிலேடை எதற்கு?

1888க்கும் 1890க்கும் இடையில் பாரிசின் அன்ழூ கரைத்தெரு வீட்டில் செசான் ஓர்தான்ஸைச் சிவப்பு உடையில் தீட்டினார். அந்த உடையில் நான்கு படங்கள் உள்ளன: நியூயார்க், சிகாகோ, ஸ்விட்சர்லாந்தின் ரீகன், பிரேசிலின் சாவ் பாவ்லோ. நியூயார்க் படம் 116.5 செ.மீ. உயரமுள்ளது. அதில் நாற்காலி சாய்கிறது, சுவரின் பட்டை சாய்கிறது, வலப்புறத் திரைச்சீலை பாய்ந்து இறங்குகிறது. அசையும் அந்த அறைக்குள் கையில் பூவோடு அவர் மட்டும் நிலைத்திருக்கிறார். 1891இல் எக்ஸ் நகரையொட்டிய குடும்பப் பண்ணைவீட்டின் கண்ணாடிச் செடிக்கூடத்தில் தீட்டிய படம் முற்றுப்பெறாதது; முகம் நீள்வட்டமாகத் திரண்டிருக்க, உடையின் கீழ்ப்பகுதியில் கித்தானின் வெண்மை தெரிகிறது.

இப்படங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, இவை ஒரே முகபாவத்தின் மறுபதிப்புகள் அல்ல. சிலவற்றில் அவர் இளையவர், சிலவற்றில் முதியவர். சிலவற்றில் இளகியவர், சிலவற்றில் இறுகியவர். இரண்டாவது, மிகப் பெரிய துணிவோடு செய்யப்பட்ட படங்கள் திருமணத்துக்குப் பின், இருவரும் விலகி வாழத் தொடங்கிய காலத்தில் வந்தவை. அன்பு குறைந்தது, ஆகவே முகம் இறுகியது என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தவில்லை. உறவு தளர்ந்தபோதும் பார்வை தளரவில்லை.

6. அமர்தல் என்னும் உழைப்பு

உருவப்படத்தை ஓவியரின் சாதனையாக மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். செசான் மெதுவாக வேலை செய்பவர். ஒரு தீற்றலுக்கும் அடுத்த தீற்றலுக்கும் இடையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். தாம் வைத்த பூக்கள் வாடிவிடும் என்பதால் காகிதப் பூக்களைப் பயன்படுத்தியவர் அவர். அந்த மெதுவுக்கு ஈடுகொடுத்து ஒருவர் அசையாமல் உட்கார வேண்டும். ஓர்தான்ஸ் உட்கார்ந்தார். ஓவியர் சந்தையில் விலை போகாத, கண்காட்சிகளில் ஏளனம் செய்யப்பட்ட காலத்தில், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாமனாரின் பணத்தை எதிர்பார்த்து மறைந்து வாழ்ந்த காலத்தில் உட்கார்ந்தார். அதற்குக் கூலி இல்லை.

மடியில் கோத்த அந்தக் கைகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் வேறொன்று புலப்படும். நெடுநேரம் அசையாமல் இருக்கத் தெரிந்தவர்கள் கையை அப்படித்தான் வைப்பார்கள். தோளின் பாரம் கைக்கும், கையின் பாரம் மடிக்கும் இறங்கிவிடும். புத்தகம் தைத்த கை, துணி தைத்த கை, இங்கே ஓய்வாக இல்லை. வேறொரு வேலையில் இருக்கிறது. முகத்தின் அமைதியும் அதே வேலையின் பகுதி.

7. எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, செசானிடம் மாடலுக்குக் கொடுக்கப் பணமில்லை, பெண்களை மாடலாக வைத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமும் இருந்தது. வீட்டிலிருந்தவரை வரைந்தார், அவ்வளவுதான் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் தந்தை இறந்து பெருஞ்செல்வம் கைக்கு வந்தபின்னும் ஓர்தான்ஸையே வரைந்தார். வசதிக்குறைவு தொடக்கத்தை விளக்கும், தொடர்ச்சியை விளக்காது.

இரண்டாவது, செசான் வரைந்த மற்றவர்களும் இதேபோல் அசைவற்றவர்கள்தான் என்பது. ஆம். 1890களின் சீட்டாடும் உழவர்கள் சிரிப்பதில்லை. ஓர்சே அருங்காட்சியகத்தின் 'காப்பிக் குடுவையும் பெண்ணும்' ஓவியத்திலுள்ள பெண் சிரிப்பதில்லை. தம்மையே வரைந்த படங்களிலும் செசான் சிரிப்பதில்லை. இது நம் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. உழவர்களின் இறுக்கத்தைக் கம்பீரம் என்றும், ஓவியரின் இறுக்கத்தை மேதைமை என்றும் போற்றிய விமர்சகர்கள், மனைவியின் இறுக்கத்தை மட்டும் குணக்கேடு என்றார்கள். பாரபட்சம் படத்தில் இல்லை, பார்த்தவர்களிடம் இருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஒரு பெண்ணின் உணர்ச்சிகளை உதிரவிட்டு, அவரை நிறங்களின் சந்திப்பாக்குவது அவரைப் பொருளாக்குவது ஆகாதா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓர்தான்ஸ் என்ன நினைத்தார் என்பதற்கு இப்படங்கள் இடமளிக்கவில்லை என்பது மெய். ஆனால் உருவப்படங்களில் பெண்களைப் பொருளாக்கிய வழி பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அது பெண்ணின் அகத்தைத் தான் அறிந்துவிட்டதாகச் சொல்லும்: இவள் இனியவள், இவள் மயக்குபவள், இவள் தாய். பார்ப்பவரின் ஆசைக்கு ஏற்ற அகத்தைத் தயாரித்து முகத்தில் ஒட்டும். செசான் அதைச் செய்யவில்லை. தம் கண்ணுக்கு எட்டிய அளவில் நின்றுகொண்டார். அதற்கு அப்பாலுள்ளதை ஓர்தான்ஸிடமே விட்டுவிட்டார்.

8. பின்விளைவும் முடிவும்

இந்த நிதானம் அடுத்த தலைமுறையை ஆழமாகப் பாதித்தது. 'விசிறியுடன் மதாம் செசான்' என்ற படத்தை லியோ ஸ்டைனும் அவர் தங்கை ஜெர்ட்ரூட் ஸ்டைனும் 1904இல் வொலாரிடமிருந்து வாங்கித் தங்கள் பாரிஸ் வீட்டில் மாட்டினர். அதைப் பார்த்துக்கொண்டே தம் முதல் கதைநூலை எழுதியதாக ஜெர்ட்ரூட் பின்னர் சொன்னார். அதே வீட்டுக்கு வந்துபோன பிக்காசோ 1906இல் ஜெர்ட்ரூடின் உருவப்படத்தை முடித்தபோது, அதன் முகமும் உணர்ச்சியை அறிவிக்க மறுத்தது. 1905இல் மத்தீஸ் தம் மனைவியின் முகத்தின் நடுவே இறக்கிய பச்சைக் கோடு, ஓர்தான்ஸின் தாடையோரப் பச்சையை அறிந்தவர் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. இருபதாம் நூற்றாண்டின் உருவப்படம், முகத்தைக் குணத்தின் அறிவிப்புப் பலகையாக நடத்துவதைக் கைவிட்டதில் இந்த 29 படங்களுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கில் பாதி, எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு உரியது.

ஆகவே எம் முடிவு இது. ஓர்தான்ஸின் முகம் அவருடைய குணத்துக்குச் சான்று அல்ல. மணவாழ்க்கைக்கும் சான்று அல்ல. ஒருவர் நெடுங்காலம் பார்த்ததற்கும், மற்றவர் நெடுங்காலம் இருந்து கொடுத்ததற்கும் அது சான்று. இப்படத்தை ரசிப்பது அந்த இரண்டு உழைப்புகளையும் சேர்த்துக் காண்பது.

அச்சுப்படியிலோ திரையிலோ இந்த ஓவியத்தைப் பார்க்கும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இவர் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பதற்கு முன், நாற்காலியின் சிவப்பிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து கழுத்தின் நீலத்துக்கும், அங்கிருந்து சுவருக்கும் கண்ணை நடத்துங்கள். பத்து நிமிடம் போதும். ஓர்தான்ஸ் ஃபிகே இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்.